ஆக்கர் விழாத பம்பரம்

பம்பரம் சேகரிக்கிறவர்கள் என்று ஒரு வகையினர் உலகில் உண்டு என்று சொன்னால் மதுரையில் பாதிப் பேர் சிரிப்பார்கள். தபால்தலை சேகரிக்கலாம், நாணயம் சேகரிக்கலாம், பழைய சினிமாப் பாட்டுப் புத்தகங்களைக்கூடச் சேகரிக்கலாம். தெருப்புழுதியில் குத்தி விளையாடுகிற மரக்கட்டையில் சேகரிக்க என்ன இருக்கிறது? ஆனாலும் நாங்கள் நண்பர்கள் நான்கைந்து பேர் பல ஆண்டுகளாக அதைத்தான் செய்து வருகிறோம். புதுமண்டபத்துக்குள் கடைகள் இருந்த காலத்தில் வாங்கியவை சில. சித்திரைத் திருவிழாவின்போது வைகைக் கரையில் முளைக்கும் தற்காலிகக் கடைகளில் பொறுக்கியவை சில. மற்றவை நண்பர்கள், உறவினர்கள் வீட்டுப் பரண்களில் உடைந்த அரிவாள்மணைக்கும் துருப்பிடித்த அரிக்கேன் விளக்குக்கும் நடுவிலிருந்து மீட்டவை. இன்று ஒரு தகரப் பெட்டி நிறைய இருக்கின்றன. அந்தப் பெட்டியை என்ன செய்வது என்பதில் எங்களுக்குள் ஏற்பட்டிருக்கும் பிணக்கே இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

பிணக்கை இரண்டு வரியில் சொல்லிவிடலாம். கண்ணாடி அலமாரியில் வைத்து, பெயரும் மரமும் ஊரும் எழுதிய சீட்டு ஒட்டி, யாரும் தொடாமல் காக்க வேண்டும் என்பது ஒரு கட்சி. பிள்ளைகள் கையில் சாட்டையோடு கொடுத்துவிட வேண்டும், ஆடாத பம்பரம் பம்பரமே அல்ல என்பது மறு கட்சி. கேட்பவர்களுக்கு இது வேடிக்கையாகத் தோன்றலாம். எங்களுக்கு வேடிக்கையாக இல்லை. பெட்டியில் இருப்பவற்றுள் சில, இனிமேல் யாரும் கடைந்து தர முடியாதவை.

முதலில் அந்தப் பொருளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இன்று இருபது வயதில் இருக்கும் வாசகர்களுள் பலர் பம்பரத்தைச் 'சின்னக் கவுண்டர்' (1992) திரைப்படத்தின் வழியாக மட்டுமே அறிந்திருக்கக்கூடும் என்று அஞ்சுகிறோம். கதாநாயகியின் தொப்புளில் பம்பரம் விட்ட அந்தக் காட்சி, ஒரு விளையாட்டின் மொத்த வரலாற்றையும் தமிழ் மனத்திலிருந்து அழித்துவிட்டுத் தான் மட்டும் நின்றுகொண்டது. தமிழ்ச் சினிமாவின் சாதனைகளுள் இதுவும் ஒன்று.

உண்மையான பம்பரம் கடைசல் பட்டறையில் பிறக்கிறது. கொய்யா, கருவேலம் என்று கெட்டியான, எளிதில் பிளக்காத மரமாகப் பார்த்து எடுத்து, கடைசல் இயந்திரத்தில் பொருத்திச் சுழலவிட்டு, உளியைக் காட்டி உருவம் கொடுப்பார்கள். சாட்டை வழுக்காமல் பிடிப்பதற்காக அடிப்பகுதியில் வரிவரியாகச் சிறு பள்ளங்கள் கீறப்படும். சாயம் ஏற்றுவதும் கடைசலிலேயேதான். நிறம் சேர்த்த அரக்குக் குச்சியைச் சுழலும் மரத்தின் மேல் அழுத்தினால், உராய்வின் சூட்டில் அரக்கு உருகி மரத்தைப் பற்றிக்கொள்ளும். கர்நாடகத்தின் சென்னபட்டணத்திலும் ஆந்திரத்தின் ஏட்டிகொப்பாக்கத்திலும் மரப் பொம்மைகளுக்கு நிறம் ஏற்றுவது இதே முறையில்தான். அங்கே தாழை மடலால் தேய்த்து மெருகு கொடுப்பார்கள். நம் பக்கத்தில் அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமான்களும் இந்தக் கடைசல் குடும்பத்தைச் சேர்ந்தவையே. கடைசல்காரருக்குச் சுழற்சிதான் மூலப்பொருள் என்று சொல்லத் தோன்றுகிறது. சுழன்றுகொண்டே உருவான பொருள், பிறகு வாழ்நாள் முழுவதும் சுழல்வதையே தொழிலாகக் கொள்கிறது.

ஆனால் பட்டறையை விட்டு வெளியே வரும்போது பம்பரம் பாதிதான் முடிந்திருக்கிறது என்பதைச் சேகரிப்பாளர்கள் மறந்துவிடுகிறார்கள். ஆணி இல்லாத பம்பரத்தை வாங்கி, தானே ஆணி அடித்து, தலையை நறுக்கி, கருங்கல்லில் தேய்த்துக் கூராக்கிய பையன்கள் இந்த ஊரில் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். ஆணி மயிரிழை அளவு மையம் தப்பினாலும் பம்பரம் உதறும். மண்ணில் குதித்துக் குதித்துப் போகும். நேராக இறங்கிவிட்டால் ஆட்டமே தெரியாமல் நின்ற இடத்தில் நிற்கும். பம்பரம் 'தூங்குகிறது' என்று அதைத்தான் சொல்வார்கள். வேகத்தின் உச்சிக்குத் தூக்கம் என்று பெயர் வைத்த அந்தத் தெருப்பிள்ளைகளின் மொழித்திறனுக்கு ஈடாக நம் நவீன கவிதையிலிருந்து எதைக் காட்டுவது என்று நாங்கள் பலமுறை யோசித்ததுண்டு.

பிறகு வருகிறது ஆக்கர். விதிகள் தெருவுக்குத் தெரு மாறும், சாரம் ஒன்றுதான். மண்ணில் வட்டம் போட்டு எல்லோரும் ஒரே சமயத்தில் பம்பரம் விட வேண்டும். சாட்டையால் கோத்துச் சுண்டித் தூக்கி, பம்பரத்தைக் கையில் பிடித்தவன் 'அபீட்' எடுத்தவன். பிந்தியவன் தன் பம்பரத்தை வட்டத்தின் நடுவே வைத்துவிட வேண்டும். மற்றவர்கள் ஆணி அதன் மேல் இறங்கும்படி குறி பார்த்துக் குத்துவார்கள். அப்படி விழும் குழிக்குத்தான் ஆக்கர் என்று பெயர். சில சமயம் பம்பரம் இரண்டாகப் பிளந்துபோகும். அன்று இரவு சாப்பாடு இறங்காது.

ஆக, பம்பரம் அடிபடுவதற்காகச் செய்யப்பட்ட பொருள். காயம் அதன் பயன்பாட்டின் விபத்து அன்று, பயன்பாடே அதுதான். இந்த இடத்தில்தான் சேகரிப்பாளரின் வழக்கமான அளவுகோல் முறிகிறது. புழங்காத பொருளுக்கே மதிப்பு அதிகம் என்பது வேறு சந்தைகளிலிருந்து வந்த எண்ணம். இன்றைய பிள்ளைகளின் பேபிளேடு உலகில் இது நன்றாகவே வேரூன்றியிருக்கிறது. உறை பிரிக்காத பெட்டிக்கு ஒரு விலை, பிரித்து ஆடியதற்கு வேறு விலை. ஆடினால் உலோக வளையத்தின் சாயம் உதிரும், பிளாஸ்டிக் முனை தேயும், ஒட்டுத்தாளின் ஓரம் பிய்யும். எனவே சிலர் ஒன்றை ஆடுவதற்கும் இன்னொன்றை அலமாரிக்குமாக ஒரே மாதிரியில் இரண்டு வாங்குகிறார்கள். பணம் உள்ளவர்களுக்கு நல்ல ஏற்பாடு.

இதில் ஒரு முரண் உண்டு. ஜப்பானின் தக்காரா நிறுவனம் 1999-இல் சந்தைக்குக் கொண்டுவந்த பேபிளேடு, 'பேகோமா' என்ற பழைய தெருப்பம்பரத்தின் வாரிசு. சங்கு வகையைச் சேர்ந்த ஒரு கடற்சிப்பிக்குள் மணலை அடைத்து மெழுகால் மூடிச் சுழற்றியதில் தொடங்கி, பிறகு வார்ப்பிரும்பாக மாறிய விளையாட்டு அது. போர்க்காலத்தில் இரும்பு கிடைக்காதபோது பீங்கானில்கூடச் செய்தார்கள். எதிராளியின் பம்பரத்தைத் தட்டி வெளியேற்றுவதே ஆட்டம். பிள்ளைகள் இரும்பை அரத்தால் ராவியும் தேய்த்தும் தத்தம் வசதிக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டார்கள். அப்படிப்பட்ட மரபின் பேரப்பிள்ளை இன்று உறை பிரிக்கப்படாமல் அலமாரியில் அமர்ந்திருக்கிறது. மலேசியாவின் 'காசிங்' பம்பரங்களிலும் மோதலுக்கென்று ஒரு வகை, நெடுநேரச் சுழற்சிக்கென்று ஒரு வகை என இரண்டு உண்டு. இரண்டாம் வகை கிலோக்கணக்கில் எடையுள்ளது, மணிக்கணக்கில் சுழல்வது. அங்கே அது பெரியவர்களின் ஆட்டமாகவும் ஊர்ப் பெருமையாகவும் நீடிக்கிறது. நம் ஊரில் பம்பரம் மீசை முளைத்ததும் கைவிடப்படும் பொருளாகவே இருந்தது. அதன் இன்றைய நிலைக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். (இயற்பியல் மேதைகளான நீல்ஸ் போரும் வோல்ஃப்காங் பவுலியும் 1951-இல் சுவீடனின் லுண்ட் நகரில், தலைகீழாகக் கவிழ்ந்து சுழலும் ஒரு சின்னப் பம்பரத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும் புகைப்படம் ஒன்று உண்டு. மீசை முளைத்தவர்களுக்கும் பம்பரம் ஆகும் என்பதற்கு அதைவிட நல்ல சான்று எங்களிடம் இல்லை.)

நம் மரபு இந்தப் பிரச்சினையை எப்படிக் கையாண்டது என்று பார்ப்பது பயனுள்ளது. மதுரையைச் சுற்றிய கிராமங்களிலும் சிவகங்கைச் சீமையிலும் புரவி எடுப்பு நடக்கிறது. வேளார்கள் மாதக்கணக்கில் உழைத்து மண்குதிரைகள் செய்கிறார்கள். ஊரே கூடி அவற்றைச் சுமந்துபோய் அய்யனார் கோயிலில் வைக்கிறது. அவ்வளவுதான். அதன் பிறகு மழையும் வெயிலும் அந்தக் குதிரைகளைத் தின்கின்றன. காது விழுகிறது, கால் விழுகிறது, மீண்டும் மண்ணாகிறது. யாரும் ஒட்டவைக்கப் போவதில்லை. அடுத்த எடுப்புக்குப் புதிய குதிரை வரும் என்ற நம்பிக்கையே அங்கே பாதுகாப்பு முறை. பொருளைக் காப்பதில்லை, செய்யும் கையைக் காக்கிறார்கள்.

கொலு இன்னொரு முறை. திருநகரை அடுத்த விளாச்சேரியில் செய்யப்படும் மண்பொம்மைகள் வீடுகளுக்குப் போகின்றன. ஆண்டுக்கு ஒன்பது நாள் படியில் நிற்கின்றன. மற்ற நாட்களில் பழந்துணியில் சுற்றிப் பெட்டியில் கிடக்கின்றன. பாட்டியின் செட்டியார் பொம்மை பேத்தியின் படியிலும் நிற்கிறது. புழக்கமும் உண்டு, காப்பும் உண்டு. கொலுப் பொம்மையை யாரும் ஆணியால் குத்துவதில்லை என்பது உண்மைதான். ஆனால் ஆண்டுக்கு ஒருமுறை வெளியே எடுத்தாக வேண்டும் என்ற கட்டாயம் இருக்கிறதே, அதைக் கவனிக்க வேண்டும். வெளியே எடுக்கும்போதுதான் பூச்சி அரித்தது தெரிகிறது, விரிசல் தெரிகிறது, கதையும் சொல்லப்படுகிறது.

இவற்றுக்கு நேர் எதிராக, தொடவே கூடாத பொருள்களும் நம் ஊரில் உண்டு. தமுக்கம் அரண்மனையில் 1959-இல் திறக்கப்பட்ட காந்தி நினைவு அருங்காட்சியகத்தில் இருக்கும் இரத்தக்கறை படிந்த ஆடையை யாரும் 'புழங்க' நினைக்க மாட்டார்கள். அது ஒரு கணத்தின் சாட்சி. அந்தக் கணம் மீண்டும் வராது. எங்கள் கண்ணாடிக் கட்சி நண்பர் எடுத்ததற்கெல்லாம் இதைத்தான் மேற்கோள் காட்டுகிறார். பம்பரத்தை அந்த வரிசையில் வைக்க முடியாது என்பது எங்களில் பெரும்பாலோர் எண்ணம். ஆனால் அவர் பக்கத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது. அதை மறுக்க முடியாது.

அந்த நியாயத்தைப் புரிந்துகொள்ளப் புதுமண்டபத்துக்கே போகலாம். பதினேழாம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் கட்டிய அந்த மண்டபத்தில் நெடுங்காலம் தையற்காரர்களும் பாத்திரக் கடைக்காரர்களும் புத்தகக் கடைக்காரர்களும் நிறைந்திருந்தார்கள். நாயக்கர் காலத்துச் சிற்பத்தின் முழங்காலில் ரவிக்கைத்துணி தொங்கிய காட்சியைப் பார்த்தவர்களுக்கு, அந்த இடத்தின் உயிரே அந்தச் சந்தடிதான். ஆனால் 2018 பிப்ரவரி 2 அன்று இரவு, மீனாட்சியம்மன் கோயிலின் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பற்றிக் கடைகள் எரிந்தன. கல் வெடித்து மண்டபத்தின் ஒரு பகுதி சரிந்தது. புழக்கம் எந்த அளவுக்குக் கொல்லும் என்று ஊர் அன்று கண்டது. புதுமண்டபத்துக் கடைகள் பின்னர் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றப்பட்டன. கல் பிழைத்தது. எங்களுக்குப் பழக்கமான கடைகள் இருந்த மூலைகள் இப்போது காலியாக, சுத்தமாக, கொஞ்சம் அந்நியமாக இருக்கின்றன. இதில் எது சரி என்று ஒற்றை வார்த்தையில் சொல்லத் துணிகிறவர்கள் மதுரையை அறியாதவர்கள். தூணை மறுபடியும் அதே கையால் செதுக்க முடியாது என்பதால் சந்தடி விலகிக்கொள்ளத்தான் வேண்டியிருந்தது.

அப்படியானால் கேட்க வேண்டிய கேள்வி, ஒரு பொருள் பழையதா, அழகானதா, அரியதா என்பதன்று. இன்னொன்று செய்ய முடியுமா என்பதுதான். செய்ய முடியும் என்றால் ஆடிவிடலாம், பிளந்தாலும் பாதகமில்லை. முடியாதென்றால் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும். எங்கள் பெட்டியில் உள்ளவற்றை இந்தக் கேள்வியோடு பிரித்துப் பார்த்தோம். பெரும்பாலானவை முதல் வகை. அவற்றைப் போன்றவற்றை நல்ல கடைசல்காரர் ஒரு முற்பகலில் பல செய்து தந்துவிடுவார். அவற்றை அலமாரியில் பூட்டி வைப்பது கஞ்சத்தனம் என்றே கருதுகிறோம். இரண்டாம் வகையில் தேறியவை பத்துக்கும் குறைவு. யார் கடைந்தது, எந்த மரம், எந்த ஊர் என்று எதுவும் தெரியாதவை. அரக்கின் நிறம் இன்று கிடைக்கும் சாயப்பொடிகளில் வராதவை. ஒன்றின் உச்சியில், முழுவதும் தேய்ந்துபோகாத ஏதோ ஓர் எழுத்துக் கீறல் இருக்கிறது. அதை எந்தப் பிள்ளையின் கையிலும் ஆக்கருக்குக் கொடுக்க எங்களுக்கு மனம் வரவில்லை.

மனம் வராததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்தப் பம்பரத்தில் ஏற்கெனவே ஏழெட்டு ஆக்கர்கள் இருக்கின்றன. யாரோ ஒரு பையன் ஏழெட்டு முறை தோற்றிருக்கிறான். ஆனாலும் அதைத் தூக்கி எறியவில்லை. ஆக்கர் விழாத புத்தம்புதுப் பம்பரத்தைவிட எங்களுக்கு இதுவே பெரிய சொத்து. தபால்தலைக்காரர்களே முத்திரை குத்திய தலைக்குத் தனி மதிப்பு வைத்திருக்கிறார்கள். முத்திரையில் ஊரும் தேதியும் இருக்கிறதல்லவா. எனவே குழியை மரத்தூளும் கோந்தும் வைத்து அடைத்து, வார்னிஷ் பூசிப் பளபளப்பாக்குகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள்: செய்யாதீர்கள். அது பாதுகாப்பு ஆகாது, சாட்சியைக் கலைப்பது.

வைத்துக் காப்பது என்று முடிவெடுத்தாலும் அது சும்மா வைத்திருப்பது ஆகாது. மதுரையின் கோடைக்குப் பின் சட்டென்று வரும் மழையில் மரம் சுருங்கி விரிந்து நார்ப்போக்கில் வெடிக்கும். இரும்பாணி துருவேறினால் பருத்து, உள்ளிருந்தே மரத்தைப் பிளக்கும். ஆணி பம்பரத்தின் உயிர், அதுவே எமனும். வெயில் நேரே விழும் கண்ணாடி அலமாரியில் சாயம் வெளுக்கும். அரக்கு இளகி, கீழே விரித்த தாளோடு ஒட்டிக்கொள்ளும். ஆக, கண்ணாடிக் கட்சி நண்பர் கனவு காணும் கிழக்கு ஜன்னலோர அலமாரி, பம்பரங்களுக்குப் பள்ளிக்கூட மைதானத்தைவிட ஆபத்தானது. நிழலான இடத்தில், ஒன்றோடு ஒன்று உராயாதபடி பருத்தித் துணியில் சுற்றி வைத்தால் போதும். ஆணியில் மட்டும் துளி எண்ணெய் தொட்டு வைக்கலாம். மரத்தில் எண்ணெய் வேண்டாம், அது கறுத்துத் தூசியைப் பிடிக்கும். நூல் சாட்டை எப்படியும் இற்றுப்போகும். ஆனால் அதன் நீளத்தையும் முறுக்கையும் முனையில் போட்ட முடிச்சையும் குறித்து வைக்க வேண்டும். சாட்டை இல்லாத பம்பரம் வில் இல்லாத அம்பு.

ஜெனோவா நகரில் பாகனினி வாசித்த வயலின் ஒன்றிருக்கிறது. 1743-இல் குவார்னேரி செய்தது. அவர் அதைத் தம் ஊருக்கே எழுதி வைத்துவிட்டுப் போனார். அதை நகராட்சி கண்ணாடிக்குள் காக்கிறது. ஆனால் ஊமையாக வைத்திருப்பதில்லை. அவ்வப்போது வெளியே எடுத்து, அவர் பெயரிலான போட்டியில் வென்றவர் போன்ற தேர்ந்த கைகளில் கொடுத்து வாசிக்கச் செய்கிறார்கள். எங்கள் பத்துப் பம்பரங்களுக்கு நாங்கள் எண்ணியிருப்பது ஏறக்குறைய இதுதான். ஆண்டுக்கு ஒரு நாள், மெழுகிய மண்தரையில், தெரிந்த கை ஒன்று அவற்றை ஒருமுறை சுழற்றும். வட்டம் கிடையாது, ஆக்கர் கிடையாது. தூங்கும் வரை பார்த்துவிட்டுத் துணியில் சுற்றிவிடலாம். நண்பர் இதற்கும் முகம் சுளிக்கிறார். பம்பரம் சுழலும்போது பக்கத்தில் இருந்து பார்த்தால் அவர் முகம் மாறும் என்பது எங்கள் கணிப்பு.

இவ்வளவும் பொருளைப் பற்றியது. இதைவிட அவசரமானது செய்யும் கை. மண்குதிரையை மழைக்குக் கொடுக்கும் துணிச்சல் ஊருக்கு வந்தது, வேளார் வீட்டில் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்ததால்தான். பிளாஸ்டிக் பம்பரம் வந்த பிறகு, மரக்கடைசலில் பம்பரத்துக்கு என்று ஒரு நாளை ஒதுக்குவது பட்டறைக்குக் கட்டுப்படியாவதில்லை. கட்டில் கால், படிக்கட்டுக் கம்பம், பூரிக்கட்டை என்றால் கூலி நிற்கும். பட்டறை பம்பரத்தை மறக்கும் ஒவ்வோர் ஆண்டும், எங்கள் பெட்டியில் முதல் வகையில் இருக்கும் பம்பரங்கள் ஒவ்வொன்றாக இரண்டாம் வகைக்கு நகர்கின்றன. இன்று தாராளமாக ஆடலாம் என்று நாங்கள் சொல்வது, பத்தாண்டு கழித்து அறியாமையாகத் தோன்றக்கூடும். அலமாரி வாங்க வைத்திருந்த பணத்தைக் கடைசல்காரரிடம் முன்பணமாகக் கொடுத்துப் பள்ளிக்கு வேண்டிய பம்பரங்களைச் செய்துதரச் சொல்லலாம் என்ற யோசனை அதனால்தான் எழுந்தது. கண்ணாடி நண்பர் உட்பட எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரே தீர்மானம் இது.

கீழடி அருங்காட்சியகத்துக்கு (2023-இல் திறக்கப்பட்டது, மதுரையிலிருந்து அரைமணி நேரப் பயணம்) போகிறவர்கள் அங்கே தந்தப் பகடையையும் வட்டச் சில்லுகளையும் கவனிக்க வேண்டும். அந்தச் சில்லுகள் நூற்றுக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. உடைந்த பானையோட்டை வட்டமாகத் தேய்த்துப் பிள்ளைகள் விளையாடியவை என்று கருதப்படுபவை. யாரும் காத்து வைக்காமல் போட்ட இடத்தில் கிடந்து, ஈராயிரம் ஆண்டுகளைத் தாண்டி வந்தவை. சுட்ட மண்ணுக்கு அந்தப் பேறு உண்டு. மரத்துக்குக் கிடையாது, கரையான் அதற்குள் காரியத்தை முடித்துவிடும். அந்தப் பிள்ளைகள் மரத்தில் ஏதேனும் சுழற்றி ஆடியிருந்தால் அது நமக்கு வந்து சேர வாய்ப்பே இல்லை.

பெட்டி இப்போதைக்கு எங்களில் ஒருவர் வீட்டில் இருக்கிறது. வரும் கோடை விடுமுறையில் முதல் வகைப் பம்பரங்களைச் செல்லூர்ப் பக்கத்துப் பிள்ளைகளிடம் கொடுப்பதாக இருக்கிறோம். அபீட் எடுக்கத் தெரிந்த பெரியவர்கள் நாலு பேர் உடனிருந்து சொல்லிக்கொடுக்க வேண்டும். முன்வருகிறவர்கள் தங்கள் சாட்டையைத் தாங்களே கொண்டுவந்தால் நல்லது.